போலிக்காலும் கசையிழையும் ஒரே உயிரியில்: எந்த இனம் இது?

குளத்து அடிச்சேற்றில் கண்ட ஒரு புரோட்டோசோவாவை (ஒருசெல் உயிரியை) எந்த வகுப்பில் சேர்ப்பதென்று தெரியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறேன். போலிக்கால்களை (உடலிலிருந்து தற்காலிகமாக நீளும் பிதுக்கங்களை) நீட்டி அமீபாவைப் போலவே ஊர்கிறது. ஆனால் முன்முனையில் நீண்ட கசையிழை (சாட்டை போன்ற இழை) ஒன்று, அவசரமே இல்லாமல், நீரைத் துழாவிக்கொண்டே இருக்கிறது. அதன் அடியில் ஒட்டினாற்போல் உட்கரு தெரிகிறது.

சேறு சில நாட்களாக மூடிய பாட்டிலில் இருந்தது. அழுகல் வாடை அடிக்கிறது. பார்த்தது சாதாரணக் கூட்டு நுண்ணோக்கியில், 400 மடங்கு உருப்பெருக்கத்தில்.

அமீபா வடிவிலிருந்து கசையிழை வடிவுக்கு உருமாறும் நெக்ளேரியாவோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அதன் கசையிழைப் பருவத்தில் பொதுவாக இரண்டு இழைகள் இருக்கும், போலிக்கால்கள் இருக்காது. இழைகளைத் தெளிவாகக் காட்டும் லுகால் அயோடின் கரைசல் இட்டுப் பார்த்ததில் ஒன்றுதான் தெரிந்தது. நெக்ளேரியாவை உருமாறத் தூண்டும் வாலைவடிநீரில் விட்டும் வடிவம் மாறவில்லை.

இடப்பெயர்ச்சி உறுப்பை வைத்து நான்காகப் பிரிக்கும் பழைய பாடநூல் முறை இங்கே கைகொடுக்கவில்லை. 1980-இல் வந்த வகைப்பாடோ அமீபாக்களையும் கசையிழை உயிரிகளையும் சார்கோமாஸ்டிகோஃபோரா என்று ஒரே தொகுதியில் போட்டுவிட்டது. இப்போது அதுவும் வழக்கொழிந்துவிட்டது.

ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் மாஸ்டிகமீபாதான் இது என்று உறுதிசெய்ய, இதே நுண்ணோக்கியில் வேறு எந்த அடையாளத்தைத் தேட வேண்டும்?