ஹாட் டப்பில் வெள்ளைப் பொருக்கு, கலங்கல்: வழி சொல்லுங்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பக்கம் உச்சிப்புளியில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியின் ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி), சித்திரை பிறந்ததிலிருந்து படுத்தி எடுக்கிறது. மாலையில் தெளிவாக இருக்கும் தண்ணீர், விடிந்தால் அரிசி கழுவிய நீராகக் கலங்கிவிடுகிறது. தண்ணீர் பீறிடும் ஜெட் துளைகளைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. ஒரு சொட்டு வினிகர் விட்டால் பொங்கி நுரைக்கிறது. சந்தேகமே இல்லை, கால்சியம்தான்.

ஃபைபர் தொட்டி, 1,200 லிட்டர், கார்ட்ரிட்ஜ் வடிகட்டி. போர்வெல் தண்ணீர், கடினத்தன்மை 600 பிபிஎம் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்), லேசான உப்புக்கரிப்பு வேறு. ஹீட்டரை அணைத்தே வைத்திருக்கிறோம், வெயிலே 36 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறது. பிஎச் (அமில-காரத்தன்மை) அளவை 7.4-க்கு இறக்கினால், ஜெட் ஓடி முடிந்ததும் 8.2. காலையில் 4 பிபிஎம் இருக்கும் குளோரின் உச்சிவெயிலுக்குள் காணாமல் போகிறது.

வடிகட்டியை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியாயிற்று. ப்ளீச்சிங் பவுடரே கால்சியம் சேர்க்கும் என்பதால் திரவக் குளோரினுக்கு மாறினோம். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு நிரப்பினோம். அதே போர்வெல் நீர்தானே, பலனில்லை. படிகாரம் போடச் சொன்னார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அதை மட்டும் செய்யவில்லை.

லாரியில் வாங்கும் ஆர்ஓ தண்ணீர் இங்கே கட்டுப்படியாகாது. கடற்கரைப் பக்கம் தொட்டி பராமரிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இந்தப் போர்வெல் நீரை மென்னீராக்கும் கருவி வழியாக விட்டு நிரப்பினால் போதுமா, ஆர்ஓ நீர் கலந்தே ஆக வேண்டுமா?