எட்டடியில் கடலா? ஹேவ்லாக்கில் எங்கே தங்குவது

உப்புக்காற்று:
அந்தமானில் எங்கே தங்கலாம் என்று அமுதா டீச்சர் நேற்று இந்த மன்றத்தில் ஒரு திரியில் கேட்டிருந்தார். அதில் சன்னலோரம் என்பவர் தந்த பதில் இது: "யோசிக்கவே வேண்டாம். ஹேவ்லாக்கில் விஜயநகர் கடற்கரையில் குடில் எடுங்கள். கதவைத் திறந்தால் எட்டடியில் கடல். காலையோ மாலையோ, நினைத்த நேரத்தில் இறங்கிக் குளிக்கலாம்." அங்கேயே பதில் போட்டால் டீச்சரின் கேள்வி நாறிவிடும் என்பதால் தனித்திரி.

எட்டடியாம். நான் நான்கு முறை போய்வந்தவன். விஜயநகரில் கடல் வற்றினால் குடிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கபடிப் போட்டியே நடத்தலாம். கடைசியாகப் போனது ஒரு டிசம்பரில், பௌர்ணமிக்கு மறுநாள். மாலை நாலரை மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கடலைக் காணவில்லை. செத்த பவளத் துண்டு, பாசி, அங்கங்கே குட்டை. எண்ணி முந்நூறு தப்படி நடந்த பிறகுதான் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. டிசம்பரில் அந்தமானில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். காலில் கீறலோடு இருட்டில் தடவித் தடவித் திரும்பினேன். எட்டடி என்று படித்துவிட்டு யாராவது குழந்தைகளோடு போய் ஏமாந்தால் அந்தப் பாவம் யாருக்கு?

சன்னலோரம்:
தனித்திரி போட்டுத் திட்டும் அளவுக்குப் பெரிய மனிதனாகிவிட்டேன் போலிருக்கிறது. நன்றி. நான் சொன்னது என் கண்ணால் பார்த்தது. காலை பத்து மணி. கதவு, ஊஞ்சல் கட்டிய மரம், அப்புறம் கடல். எட்டடி. மூன்று நாளும் அப்படித்தான் இருந்தது. என் மகள் குடில் படியில் உட்கார்ந்து காலை நனைக்காத குறைதான். முந்நூறு தப்படி நடந்தும் முழங்கால் நனையாதவர் எந்த ஊர்க் கடலுக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது.

பாம்பன் பாலு:
அண்ணே, இரண்டு பேரும் பார்த்தது சரிதான். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். நேரம் தினமும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமி, நவமியில் இரண்டுமே மட்டம். திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம் என்று மாதாமாதம் செய்தி போடுகிறார்களே, அதே சங்கதிதான். விஜயநகர்ப் பக்கம் கரை கிடுகிடுவென்று இறங்காமல் பாறைத் தட்டாகக் கிடக்கிறது. தண்ணீர் ஓர் ஆள் உயரம் இறங்கினாலே கரை வெகுதூரம் வெளியே தெரியும். பத்து மணிக்கு ஏற்றம் என்றால் நாலு மணியைத் தாண்டி வற்றம். இதில் சண்டை போட என்ன இருக்கிறது?

உப்புக்காற்று:
விளக்கத்துக்கு நன்றி பாலு. ஆனால் கேள்வி அதுவல்ல. அவர் "நினைத்த நேரத்தில்" என்று எழுதினார். எட்டடி என்று எழுதினார். பத்து மணிக்கு மட்டும் எட்டடி என்று எழுதவில்லை.

இன்னொன்று. கடற்கரையில் கட்டடம் என்பது ஏற்றம் தொடும் கோட்டிலிருந்து தள்ளித்தான் இருக்க வேண்டும், அதற்கு விதி இருக்கிறது. ஆகவே முழு ஏற்றத்திலும் எட்டடி வராது. வந்தால் அந்த விடுதியே விதிமீறல். அதில் போய்த் தங்கிவிட்டுப் பெருமை வேறு.

மடிப்பாக்கம் மணி:
ஒரு சின்னச் சந்தேகம். எட்டடி என்றால் அளவு நாடாவில் வரும் அடியா, நடக்கும்போது எடுத்து வைக்கும் அடியா? முதலாவது என்றால் இரண்டரை மீட்டர்கூட இல்லை. இரண்டாவது என்றால் ஆறு மீட்டர் வரும்.

சன்னலோரம்:
இப்போது என்னைச் சட்டவிரோதி ஆக்கியாச்சா? பேஷ். போன வருடம் லட்சத்தீவுத் திரியில் "நாம் இந்தியர்கள்தானே, அனுமதிச் சீட்டெல்லாம் எதற்கு" என்று அடித்துப் பேசிய மகானுபாவர்தானே தாங்கள்? அதை நம்பி ஒருவர் கொச்சி வரை போய்த் திரும்பி வந்தாரே, அந்தப் பாவம் யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லையே.

உப்புக்காற்று:
லட்சத்தீவு வேறு திரி. பேச்சை மாற்ற வேண்டாம். எட்டடியா, இல்லையா?

தீவான்:
போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மெயின்லேண்ட்காரர்கள் எங்கள் தீவை அடி அடியாக அளப்பதைக் காலையிலிருந்து படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நாலு முறை போன அண்ணாச்சியும் சரி, மூன்று நாள் போன தம்பியும் சரி, ஒரு விஷயத்தைத் தொடவே இல்லை. விஜயநகர் கிழக்குக் கரை. விடியலைப் பார்க்கவும் படகேறவும் லாயக்கு. குளிக்கப் போகிற இடம் மேற்கே ராதாநகர், 7-ஆம் நம்பர் கடற்கரை. படகுத்துறையிலிருந்து 12 கிலோமீட்டர். அங்கே கரை நல்ல மணல், வற்றத்திலும் இறங்கலாம். டைம் பத்திரிகை 2004-இல் ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று சொன்னது அதைத்தான். 2020-இல் சுத்தமான கடற்கரைக்குத் தரும் நீலக்கொடிச் சான்றும் வந்தது. ஒரு ஆட்டோவோ வாடகை ஸ்கூட்டரோ எடுத்தால் தீர்ந்தது. இதற்கு ஏன் ஐயா தனித்திரி?

உப்புக்காற்று:
ராதாநகர் எனக்குத் தெரியாதா? நாலு முறையும் போயிருக்கிறேன். ஆனால் அங்கே தங்கும் இடம் விரல்விட்டு எண்ணும் அளவுதான், வாடகையும் யானை விலை. அதனால்தான் எல்லாரும் 3-ஆம் நம்பர், 5-ஆம் நம்பர் (அதுதான் விஜயநகர்) கடற்கரைப் பக்கம் வந்து விழுகிறார்கள். அப்படி விழும்போது எட்டடி என்ற பொய்யை நம்பி விழக்கூடாது என்கிறேன். அவ்வளவுதான்.

தீவான்:
ராதாநகரை அடுத்த நீல்ஸ் கோவ் பக்கம் 2010-இல் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை பிடித்ததையும் சொல்லிவிடுங்களேன். கடல் எட்டடியில் இருக்கிறதா என்று கவலைப்படுகிறவர்கள் முதலை எத்தனை அடியில் என்றும் கவலைப்படட்டும். பாதுகாவலர் நிற்கும் எல்லைக்குள் குளிப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. எல்லையைத் தாண்டி ஓரம்சாரமாகப் போய்ப் படம் எடுக்கிறவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

அமுதா டீச்சர்:
ஐயோ, முதலையா? நான் கேட்டது இவ்வளவுதான். எழுபத்திரண்டு வயது அம்மா, பத்து வயதுப் பையன், ஐந்து இரவு. ஹேவ்லாக்கில் எத்தனை, நீலில் எத்தனை, போர்ட் பிளேரில் எத்தனை? மணல் ஈ கடிக்கும் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார்.

மவுண்ட்ரோடு:
டீச்சர், முதலில் அந்தப் பெயர்களை விடுங்கள். ஹேவ்லாக் இப்போது சுவராஜ் தீவு, நீல் இப்போது ஷாகீத் தீவு. 2018 டிசம்பரிலேயே மாற்றியாகிவிட்டது. போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். அந்த நீல் யார் தெரியுமா? 1857-இல் வடக்கே கண்ணில் பட்டவர்களையெல்லாம் தூக்கில் போட்ட ஜேம்ஸ் நீல். மதராஸ் படையைச் சேர்ந்தவன். அவன் சிலை நம் மவுண்ட் ரோட்டிலேயே நின்றது. 1927-இல் அதை அகற்றச் சொல்லிப் போராடி எத்தனை பேர் சிறை போனார்கள். 1937-இல் ராஜாஜி ஆட்சி வந்த பிறகுதான் தூக்கி அருங்காட்சியகத்தில் போட்டார்கள். சிலையைத் தூக்கிய ஊர்க்காரர்கள் "நீலில் எத்தனை இரவு" என்று கேட்பது நியாயமா?

தீவான்:
படகுச் சீட்டு வாங்கும் இடத்தில் "ஷாகீத் தீவு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் "நீலா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அதோடு, நேதாஜி 1943-இல் ஷாகீத் என்று பெயர் வைத்தது மொத்த அந்தமானுக்கு, சுவராஜ் என்றது நிக்கோபாருக்கு. அதைச் சுருக்கி இரண்டு குட்டித் தீவுக்கு மாட்டியிருக்கிறார்கள். பெயருக்குச் சண்டை போடுகிறவர் அதையும் சேர்த்துப் போடலாம்.

மவுண்ட்ரோடு:
வெள்ளைக்காரன் பெயர் இனிக்கிறவர்களிடம் பேசிப் பயனில்லை.

தீவான்:
மவுண்ட் ரோடு என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதுகிறவர் சொல்கிறார். அண்ணா சாலை ஆகி எத்தனை வருடம் ஆச்சு ஐயா?

உப்புக்காற்று:
பெயர்ச் சண்டையைத் தனித்திரியில் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர், உங்கள் நன்மைக்குத்தான் இந்தத் திரியே. நான் சொல்வதைக் கேளுங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேர். காற்று கெட்டால் படகை நிறுத்திவிடுவார்கள், தீவில் மாட்டிக்கொண்டால் விமானம் காத்திருக்காது. மணல் ஈ நிஜம்தான், ஈர மணலில் துண்டு விரித்துப் படுக்காதீர்கள், அம்மாவுக்கு நாற்காலி கேளுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஆனால் எட்டடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே போய் நின்றுகொண்டு என்னை நினைப்பீர்கள்.

பாம்பன் பாலு:
டீச்சர், அம்மாவோடு என்றால் எனக்குத் தெரிந்து நீல் தேவலை. சின்னத் தீவு, எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கம். படகுத்துறையை ஒட்டியே பரத்பூர். சூரியன் விழுவதற்கு லட்சுமண்பூர், எழுவதற்கு சீதாபூர். வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் ராமாயணத்தையே ஊராக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பாறைப் பாலம் இருக்கிறது, அதைப் பார்க்க வற்றத்தில்தான் போக முடியும். நீங்கள் எல்லாரும் இவ்வளவு திட்டுகிற வற்றம் இல்லையென்றால் அது இல்லை. குட்டைகளில் மீன், நண்டு, கடல் அட்டை எல்லாம் கிடக்கும், பையனுக்குக் காட்டலாம். ஆனால் பாறை வழுக்கும், கூர்மை வேறு. அம்மாவைக் கூட்டிப் போகவேண்டாம்.

சன்னலோரம்:
கடல் அட்டை என்றதும் பாலுவுக்குக் கை துறுதுறுக்கிறதா?

பாம்பன் பாலு:
அண்ணே, வார்த்தையைப் பார்த்து விடுங்கள். கடல் அட்டை பிடிக்க 2001-இல் தடை போட்டார்கள். அதுவரை எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். தடை வந்த பிறகு நாங்கள் பட்ட பாடு குடில் எடுத்துத் தங்குகிறவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு அது வேடிக்கை, எங்களுக்குச் சோறு. நான் உங்கள் எட்டடிக்கும் சேர்த்துத்தான் பரிந்து பேசினேன். இனி பேச மாட்டேன்.

உப்புக்காற்று:
பார்த்தீர்களா, பரிந்து பேசினவரையும் விரட்டியாச்சு. ஆதாரம் இல்லாதவர் கையில் கடைசியில் மிஞ்சுவது இந்தக் கேலிதான். மறுபடியும் கேட்கிறேன். எட்டடி. எங்கே? எப்போது? எந்த விடுதி?

மடிப்பாக்கம் மணி:
எந்த அடி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

சன்னலோரம்:
விடுதிப் பெயரைப் போட்டால் விளம்பரம் என்பீர்கள், போடாவிட்டால் பொய் என்பீர்கள். இந்தாருங்கள் படம். குடிலின் படி, ஊஞ்சல், தண்ணீர். எண்ணிக்கொள்ளுங்கள். என் மகள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் எட்டடிக்கும் குறைவு. பாலு, நான் சொன்னது விளையாட்டுக்கு. அதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

தீவான்:
படம் நன்றாக இருக்கிறது தம்பி. எட்டடியா பதினெட்டடியா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊஞ்சல் தெரிகிறது.

உப்புக்காற்று:
இந்த மாதிரிப் படத்தை அரைக்கால் நிமிடத்தில் பிரித்துவிடலாம். குழந்தையின் நிழல் குடிலைப் பார்த்து விழுகிறது. கடல் கிழக்கே. ஆகவே காலை வெயில். அதாவது ஏற்ற நேரம். அவர் "காலையோ மாலையோ" என்று எழுதினார், காட்டுவது காலையை மட்டும். நாலு மணிப் படம் எங்கே? மூன்று நாள் தங்கியவரிடம் ஒரே ஒரு மாலைப் படம்கூட இருக்காதா?

சன்னலோரம்:
நாலு மணிக்கு யார் குடிலில் உட்கார்ந்திருப்பார்கள்? மூன்று நாளும் அந்த நேரத்துக்கு ராதாநகரில் இருந்தோம், அஸ்தமனம் பார்க்க.

தீவான்:
ஆகா.

சன்னலோரம்:
என்ன ஆகா? காலையில் எட்டடி என்றால் எட்டடிதான். மாலையில் கடல் எங்கே போனால் எனக்கென்ன?

உப்புக்காற்று:
எல்லாரும் படித்துக்கொள்ளுங்கள். மாலையில் அவர் அங்கே இல்லவே இல்லை. நான் இருந்தேன். முந்நூறு தப்படி.

அமுதா டீச்சர்:
குடிலுக்குப் பணம் கட்டியாச்சு. விஜயநகர்தான். பௌர்ணமி எப்போது வருகிறது என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் தேதி போட்டேன். பாலு தம்பி, ரொம்ப நன்றி.

உப்புக்காற்று:
டீச்சர், கட்டும் முன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். சரி, போகும்போது ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள்.

மடிப்பாக்கம் மணி:
அடிக்கணக்கு போட்ட நாடாவா, மீட்டரா?