ஜெர்மன் வகுப்பில் மாணவர்கள் சோர்வதை உடனுக்குடன் கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து நர்ஸ்களுக்கு ஜெர்மன் பி1 (இடைநிலை) வகுப்பு எடுக்கிறேன். 14 பேர், ஜூமில் இரவு 8 மணிக்கு, பாதிப் பேர் டியூட்டி முடிந்த கையோடு வந்து உட்காருகிறவர்கள். முதல் ஐந்து வாரம் நல்ல கலகலப்பு. பெயரடை விகுதிகள் பாடம் தொடங்கியதிலிருந்து கேமரா ஒவ்வொன்றாக அணைகிறது, இந்த எட்டாவது வாரத்தில் பேசுவது மூன்றே பேர். கேட்டால் "புரியுது மேம்" என்கிறார்கள்.

அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றத்தை அளக்க ஆய்வாளர் ஹார்விட்ஸ் குழு 1986-ல் வெளியிட்ட, 33 கூற்றுகள் கொண்ட அளவுகோலைத் தமிழாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பொதுவாக யாருக்குப் பயம் அதிகம் என்று தெரிந்தது, எந்த நாளில் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று தெரியவில்லை, வாராவாரம் அதையே நிரப்பச் சொல்லவும் முடியாது. அப்புறம் கூகுள் ஃபார்மில் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டேன், எல்லோரும் 4 போட்டார்கள். பெயரில்லாமல் கேட்டபோதுதான் 2, 3 வந்தது, ஆனால் யாருக்கு உதவுவது? தனியாகப் போன் செய்தும் பார்த்துவிட்டேன். நல்ல பிள்ளைகள், மரியாதைக்காகவே மறைக்கிறார்கள்.

ஒரு நிமிடத்துக்குள் முடிகிற, யார் எந்த இடத்தில் தளர்ந்தார் என்று அன்றைக்கே காட்டுகிற வழி எதையாவது உங்கள் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறீர்களா?