கீர்த்தனை, சிம்பொனி, திரைப்பாட்டு, கானா: ஒரே மாலையில் கேட்கலாமா?

மயிலைவாசி:

நம் இசை கேட்போர் வட்டம் இதுவரை ஒரு மாதம் கருநாடக இசை, மறு மாதம் மேற்கத்தியச் செவ்வியல் இசை, அதற்கடுத்த மாதம் திரையிசை என்று வகை பிரித்தே கூடி வந்திருக்கிறது. இந்த மார்கழி முதல் எல்லாவற்றையும் ஒரே மாலையில் கலந்து, ஒவ்வோர் உறுப்பினரும் தமக்குப் பிடித்த ஒன்றை ஐந்து நிமிடத்துக்குள் ஒலிக்கவிட்டுப் பேசலாம் என்று ஒரு முன்மொழிவு வந்துள்ளது. நான் இதை ஏற்கவில்லை.

திரைப்பாட்டு தாழ்ந்தது என்பதால் அல்ல. ஐந்து நிமிடம் என்ற அளவு ஒரு வகைக்கு மட்டுமே பொருந்துகிறது என்பதுதான் என் தடை. மூன்று, நான்கு நிமிடங்களில் முடியவேண்டும் என்பது பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் விதித்த வரம்பு. திரைப்பாட்டு அந்த வரம்புக்குள் வளர்ந்தது. பல்லவியும் இடையிசையும் சரணமும் அதற்குள் நிறைவு பெறுகின்றன. பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியில் முதல் பகுதி மட்டுமே ஏறத்தாழக் கால்மணி நேரம் நீளும். தொடங்கிய சில நொடிகளில் செல்லோக்கள் வாசிக்கும் மெட்டு, தன் சுரவரிசைக்குப் புறம்பான ஒரு சுரத்தில் இறங்கி நிற்கிறது. அந்தச் சுரம் எதற்காக வந்தது என்பது, வெகுநேரம் கழித்து மெட்டு திரும்பி வந்து, அதே சுரத்திலிருந்து வேறொரு திசையில் செல்லும்போதுதான் விளங்குகிறது. ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகிறோம். சுப்பராய சாஸ்திரியின் ‘ஜனனி நின்னுவினா’வை ரீதிகௌளை ராகத்தைச் சொற்களின்றி விரிக்கும் ஆலாபனையோடும், சுரங்களுக்கு ஏற்ற வரிகளான சுரசாகித்யத்தோடும் கேட்க விரும்பினாலும் இதே நிலைதான்.

பெரம்பூரான்:

மயிலைவாசி ஐயா, நீங்கள் காக்க விரும்பும் இசையே இந்த ஊரின் கலப்பில் வளர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் மணலியில் வாழ்ந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாத்தியக்காரர்கள் கோட்டையில் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் அமைத்தார். நொட்டுஸ்வரம் என்று நாம் பாடுபவை அவைதாம். அவற்றுள் ‘ஸந்ததம் பாஹி மாம்’ இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாட்டு மெட்டிலேயே அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றுக்கொண்ட வயலின் இல்லாமல் இன்று எந்தச் சபாவில் வாய்ப்பாட்டுக் கச்சேரி நடக்கிறது? 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் பாகவதர் பாடிய ‘மன்மத லீலையை’ சாருகேசி ராகம். அதை எழுதிய பாபநாசம் சிவனுக்கு 1971இல் மியூசிக் அகாதெமி சங்கீத கலாநிதி விருது வழங்கியது.

கச்சேரியும் ஒரே அளவான உருப்படிகளால் ஆனதன்று. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் வகுத்ததாகச் சொல்லப்படும் முறையில் வர்ணம் உண்டு, விரிவான முதன்மை உருப்படி உண்டு, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்தபின் சில நிமிடங்களே நீளும் துக்கடாக்களும் உண்டு. நீண்டதையும் சிறியதையும் அடுத்தடுத்துக் கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

மயிலைவாசி:

நீங்கள் தந்த எடுத்துக்காட்டுகள் என் பக்கத்துக்கே வலுச்சேர்க்கின்றன. நொட்டுஸ்வரங்களில் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அநேகமாக இல்லை; அவை சங்கராபரண ராகத்தின் சுரங்களில் நேராக நடக்கின்றன. அதே தீட்சிதர் பைரவியில் ‘பாலகோபாலம்’ செய்தபோது பாண்டு இசையின் சாயல் துளியும் அதில் வரவில்லை. இரண்டையும் அறிந்தவர் இரண்டையும் தனித்தனியே வைத்தார். வயலினும் வந்தபடியே இருந்துவிடவில்லை. ஐரோப்பியர் தோளில் வைத்து வாசித்ததை நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலையைக் காலில் தாங்கி, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி கூட்டி, கமகம் பேசும்படி விரலைப் பழக்கினார்கள். ஒரு வாத்தியம் கடந்து வருவதற்கே தலைமுறைகளின் உழைப்பு தேவைப்பட்டிருக்கும்போது, கேட்பவர்கள் ஒரு மாலையில் நான்கு இசைகளைக் கடந்துவிட முடியும் என்று நினைப்பது அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பதாகும். துக்கடாவைப் பொறுத்தவரை, அது இரண்டு மணி நேரம் ஊறிய செவிக்குக் கிடைப்பது. தனியே எடுத்து வைத்தால் அதன் சுவை வேறு.

நங்கநல்லூர் ஆசிரியை:

நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருபவள். எங்கள் வகுப்பில் ரீதிகௌளையை நான் ஆரோகணத்திலிருந்து தொடங்குவதில்லை. 2008இல் வந்த ‘சுப்பிரமணியபுரம்’ படத்தின் ‘கண்கள் இரண்டால்’ பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடம். அடுத்து 1977இல் ‘கவிக்குயில்’ படத்துக்காக இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ கேட்கச் செய்கிறேன். இரண்டுக்கும் இடையில் எது பொதுவாக இருக்கிறது என்று கேட்டால், பெயர் தெரியாமலேயே ‘கரிகம நிநிஸ’ என்ற அந்த இழுப்பைப் பாடிக் காட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ‘ஜனனி நின்னுவினா’ ஒலிக்கும்போது அவர்கள் அந்நியர்களாக உட்கார்ந்திருப்பதில்லை. எந்த இடத்தில் அந்த இழுப்பு மீண்டும் வரும் என்று காத்திருக்கிறார்கள். மயிலைவாசி அவர்கள் கூறும் ஊறல் இப்படியும் கிடைக்கிறது. ஆகவே கலந்து கேட்பதை ஆதரிக்கிறேன். ஆனால் எதற்குப் பின் எது என்ற வரிசையை முன்கூட்டியே யோசித்து அமைக்கவேண்டும்.

சாந்தோம் சேர்ந்திசை:

ஆசிரியை அம்மா, உங்கள் வகுப்பு முறையை மதிக்கிறேன். ஆனால் அதை நம் கூட்டத்துக்குக் கொண்டுவருவதில் எனக்கு வருத்தம் உண்டு. அதில் திரைப்பாட்டு ஏணியாகிவிடுகிறது. மேலே ஏறியபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு பாட்டு ஒலித்ததும் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பாட்டைக் கேட்டு முடித்ததாகவே நம் ஊரில் பலரும் கருதுகிறார்கள். நான் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவன். இந்த நகரில் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் இருந்துவருகிறது. அவ்வளவு காலமாகப் பல குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளைப் பாடும் இசை இங்கே ஒலித்தும், அதை எப்படிக் கேட்பது என்று பெரும்பாலோர்க்குப் பழக்கமாகவில்லை. அந்தப் பழக்கத்தைத் தமிழ்ச் செவிக்குத் தந்தவர் இளையராஜா என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் பாட்டுகளில் பேஸ் கிடாரைத் தனியே பின்தொடர்ந்து பாருங்கள். பாடகரின் மெட்டுக்குத் துணையாக நில்லாமல், அது தன் போக்கில் இன்னொரு மெட்டாகவே நடக்கும். 1986இல் வந்த ‘ஹௌ டு நேம் இட்’ தொகுப்பை அவர் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கினார். அந்தத் தொகுப்பை எந்த மாதத்தில் வைப்பீர்கள், மயிலைவாசி ஐயா? வகை பிரிக்கும் ஏற்பாட்டில் அதற்கு இடமே இல்லை.

ராயபுரத்துக்காரன்:

முழுவதும் படித்தேன். தலைப்பில் கானா என்ற சொல் இருக்கிறது. இதுவரை எழுதிய ஒருவரும் அதைத் தொடவில்லை. மயிலைவாசி ஐயா, ஒரு மாதம் இது, மறு மாதம் அது என்று எண்ணினீர்களே, அந்த வரிசையில் கானாவுக்கு எந்த மாதம் கொடுக்கப்பட்டது? பிரித்துக் கேட்பது எல்லா இசைக்கும் உரிய மரியாதை என்கிறீர்கள்; பட்டியலில் பெயர் இல்லாத இசைக்கு அதனால் என்ன மரியாதை கிடைத்தது? பெரம்பூர் நண்பரும் கலப்பின் வரலாற்றைத் தீட்சிதரில் தொடங்கிச் சிவனோடு முடித்துக்கொண்டார். மணலியைச் சொன்னவர், தம் ஊரைச் சுற்றி இன்றும் பாடப்படுவதைச் சொல்லவில்லை.

நேரம் பற்றிய உங்கள் வாதம் எங்கள் பாட்டுக்குத்தான் மிகவும் பொருந்தும். கானா என்றதும் திரைப்படத்தில் வரும் துள்ளல் பாட்டையே பலரும் நினைக்கிறார்கள். வடசென்னையில் இறப்பு நடந்த வீட்டின் வாசலில், உடலை வைத்துக்கொண்டு விடிய விடியப் பாடுவது மரண கானா. இறந்தவர் எப்படிப்பட்டவர், எந்த வேலை பார்த்தார், யாரை விட்டுச் சென்றார் என்பதையெல்லாம் பாடகர் அங்கேயே கோத்துப் பாடுவார். அதில் ஐந்து நிமிடத்தை வெட்டி எடுத்தால், நீங்கள் சொன்ன சிம்பொனிக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானா பாடகர்களும் ராப் பாடகர்களும் ராக் கிடார் கலைஞர்களும் ஒரே மேடையில் நின்றார்கள். அங்கே ஒருவருக்கும் இன்னொருவர் முன்னுரையாகவில்லை.

மயிலைவாசி:

ராயபுரம் நண்பரின் கேள்வி நியாயமானது. பட்டியலில் இடமில்லாத இசைக்கு என் ஏற்பாடு எதையும் தரவில்லை. எனவே கலந்து கேட்பதை இனி நான் எதிர்க்கப்போவதில்லை. ஐந்து நிமிட வரம்பை மட்டும் எதிர்க்கிறேன். மரண கானா பற்றி அவர் எழுதியது அந்த எதிர்ப்பை உறுதியாக்கியிருக்கிறது. ஒரு மாலைக்கு மூன்று உருப்படிகள் போதும். எந்த வகையானாலும் முழுமையாக ஒலிக்கட்டும், பிறகு பேசுவோம்.

பெரம்பூரான்:

மூன்றே உருப்படிகள் என்றால், கூடியிருப்பவர்களில் பெரும்பாலோர் வெறும் கேட்பவர்களாகிவிடுவார்கள். தயங்கித் தயங்கி ஒரு பாட்டைக் கொண்டுவந்து, இது எனக்கு ஏன் பிடிக்கிறது என்று சொல்லும் புதிய உறுப்பினருக்கு அந்த மூன்றில் இடம் கிடைக்காது. நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்கே கிடைக்கும். ஒரு பெரிய உருப்படி முழுமையாக, மற்றவை சிறியவை என்று வைத்துக்கொள்ளலாம். பெரியது எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம்.

நங்கநல்லூர் ஆசிரியை:

சீட்டுக் குலுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரிய உருப்படியைக் கொண்டுவருகிறவர் ஒரு வாரம் முன்னதாகவே அதன் பெயரைத் தெரிவித்தால், மற்றவர்கள் அதற்கு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய சிறியவற்றைத் தேடிக்கொண்டு வரலாம். சாந்தோம் தம்பி சொன்ன குறை இதில் நேராது. ராகத்தொடர்புதான் இருக்கவேண்டும் என்பதில்லை. தாளமாக இருக்கலாம், துக்கமாகவும் இருக்கலாம்.

ராயபுரத்துக்காரன்:

அப்படியானால் முதல் கூட்டத்தின் பெரிய உருப்படியை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒலிப்பதிவு கொண்டுவரப்போவதில்லை. எங்கள் தெருவில் பாடும் பெரியவர் ஒருவரை நேரில் அழைத்து வருகிறேன். துக்க வீட்டுக்கு வெளியே பாட அவர் இசைவாரா என்பதை முதலில் அவரிடம் கேட்கவேண்டும். எவ்வளவு நேரம் பாடுவார் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். மற்றவர்கள் அதற்குப் பொருத்தமாக என்ன கொண்டுவருகிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள்.

சாந்தோம் சேர்ந்திசை:

மொஸார்ட் முடிக்காமல் இறந்துபோன ‘ரெக்வியம்’, 1791. அதுவும் இறந்தவர்களுக்காகப் பாடப்படுவதுதான். முதல் பகுதியை மட்டும் கொண்டுவருகிறேன். ஏறத்தாழ ஐந்து நிமிடம்.