மருந்து ஆய்வில் மனநிலையை அளக்கும்போது: வேலூர்ப் பக்கத்து அனுபவப் பகிர்வு

மருந்து ஆய்வில் பங்கேற்க குடியாத்தத்திலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ விடிகாலை பஸ் பிடித்து வருகிறவரிடம் வந்த வேகத்தில் படிவத்தைக் கொடுத்தால், பயண அலுப்புதான் ஸ்கோராகப் பதியும். கால் மணி நேரம் ஃபேனுக்கு அடியில் உட்கார வையுங்கள். மனநிலைக் கேள்விகளை ரத்தம் எடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஊசி குத்திய எரிச்சல் பதிலில் ஏறும். நேரமும் மாறக்கூடாது. மனச்சோர்வு உள்ளவர்களில் சிலருக்குக் காலையில் மனசு பாரமாக இருக்கும், சாயங்காலம் தெளியும். பேஸ்லைனை (மருந்து தொடங்கும் முன் எடுக்கும் முதல் அளவை) காலை 9 மணிக்கும் நாலாவது வார விசிட்டை மாலை 4 மணிக்கும் வைத்தால், மருந்து வேலை செய்யாமலே முன்னேற்றம் தெரியும்.

அடுத்து, மனநிலை எவ்வளவு என்று குறிக்கச் சொல்லும் 100 மி.மீ. கோடு. குறுக்கே ஒரு குறி போடச் சொல்லி, முனையிலிருந்து அளந்த மி.மீ.தான் ஸ்கோர். 'ஃபிட் டு பேஜ்' போட்டு பிரிண்ட் எடுத்தால் கோடு 96, 97 என்று சுருங்கிவிடலாம், ஜெராக்ஸையே திரும்ப ஜெராக்ஸ் போட்டாலும் நீளம் மாறிவிடலாம். ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பலர் கோட்டைத் தொடவே மாட்டார்கள், ஓரத்துச் சொல்லைச் சுற்றி வட்டம் போடுவார்கள். அதனால் முதலில் வெயிலை வைத்துப் பழக்குங்கள்: ஒரு முனை 'வெயிலே இல்லை', மறுமுனை 'தாங்க முடியாத வெயில்'. கத்திரி நாளில் வேலூரில் உட்கார்ந்துகொண்டு நடுவில் குறி போட்டால் அவருக்குக் கோடு பிடிபடவில்லை.

*

மேலே நம் நர்ஸ் சிஸ்டர் சொன்னதோடு, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாள் பற்றி. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. கேட்பது கடந்த இரண்டு வாரத்தை மட்டும். ஆனால் ஜனங்கள் மகன் வேலைக்குப் போன நாளிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். பொய்கையில் வாரா வாரம் கூடும் சந்தையை வைத்து 'ரெண்டு பொய்கைச் சந்தைக்கு அப்புறம்' என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். கேள்வியின் சொற்களை மட்டும் மாற்றாதீர்கள். ஆம்பூர், மேல்விஷாரத்தில் உருது பேசுகிறவருக்கு உருதுப் படிவமே வேண்டும். தமிழ்ப் படிவத்தை வாயால் மாற்றிச் சொன்னால் ஒவ்வொரு விசிட்டிலும் ஒரு புதுக் கேள்வி ஆகிவிடும்.

'மனச்சோர்வு' என்று யாரும் சொல்வதில்லை. 'நெஞ்சு அடைக்குது', 'படபடன்னு வருது', 'யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை' என்பார்கள். அந்தச் சொல்லையே குறிப்பில் எழுதுங்கள். கூட வந்த மாமியாரை வெளியே உட்கார வைத்த பிறகுதான் கேளுங்கள்.

*

பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி சாகலாம் என்ற எண்ணம் பற்றியது. 1 வந்தாலும் அன்றைக்கே, அவர் கிளம்புவதற்குள் டாக்டர் பார்த்தாக வேண்டும். மொத்த ஸ்கோர் குறைவாக இருக்கிறதே என்று படிவத்தை ஃபைலில் வைத்துவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கக்கூடிய மிகப் பெரிய தப்பு. ஆய்வில் இருப்பது மனநல மருந்து இல்லையே என்றும் விடக்கூடாது: உடல் எடைக்கான ரிமோனபான்ட் 2008-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் காரணமாகத்தான். தற்கொலை முயற்சி நடந்து அட்மிட் ஆனால், இந்தியாவின் 2019 மருந்து ஆய்வு விதிகளின்படி நடந்த 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். பங்கேற்பாளர் அட்டையின் பின்பக்கம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நம் கோஆர்டினேட்டர் போன் எடுக்காமல் போகலாம்.