நேதாஜி சிலையும் சயாம் ரயில் பாதையும்

பால்மரக்காடு:
2022 செப்டம்பரில் டெல்லி இந்தியா கேட் பக்கத்தில் நேதாஜிக்கு 28 அடிச் சிலை திறந்தார்கள். அதற்கு முன்பே 2018இல் அந்தமானில் ராஸ் தீவுக்கு அவர் பெயரை வைத்தாயிற்று. சரி, மரியாதை செய்யட்டும். ஆனால் ஜனவரி 23 வந்தால் சீருடைப் படத்தைப் போட்டுப் புல்லரித்துப் போகிறவர்கள் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட மரண ரயில் பாதையின் இரண்டு முனைகளும் வந்து சேர்ந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் நேதாஜி ஆசாத் ஹிந்த் என்ற தற்காலிக சுதந்திர இந்திய அரசை அறிவித்தது அக்டோபர் 21. நடுவில் நாலே நாள். அந்த 415 கிலோமீட்டருக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போனது பெரும்பாலும் நம் தமிழ் ஆட்களைத்தான். என் தாத்தா திரும்பி வந்தவர். புண் அழுகி, சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்த இடத்தில் கெண்டைக்காலில் ஒரு பள்ளம் இருக்கும், சின்ன வயதில் அதில் என் கட்டை விரலை வைத்துப் பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரை:
தாத்தா பட்டதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் பழியை ஆள் மாற்றிப் போடுகிறீர்கள். ஜப்பான்காரன் 1942இல் பாதை வேலையைத் தொடங்கியபோது நேதாஜி ஜெர்மனியில் இருந்தார், சிங்கப்பூருக்கு வந்ததே 1943 ஜூலையில். அவர் நடத்திய இந்திய தேசிய ராணுவம், அதுதான் ஐ.என்.ஏ., இல்லாவிட்டால் 1945இல் அதன் அதிகாரிகள் மேல் வெள்ளைக்காரன் போட்ட செங்கோட்டை வழக்கு ஏது, அதைப் பார்த்து நாடே கொதித்தது ஏது, 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைக்காரர்கள் கிளர்ந்தெழுந்தது ஏது? சிப்பாய்களை இனி நம்ப முடியாது என்று வெள்ளைக்காரனுக்குப் புரியவைத்தது அவர்தான்.

லயத்துப்பேத்தி:
பால்மரக்காடு அண்ணே, எங்கள் பாட்டி பேராக்கில் பால் வெட்டியவர், ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். நிதி கேட்ட கூட்டத்தில் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காதுத் துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு பயிற்சிக்குப் போனாராம். கங்காணி குரல் கேட்டாலே ஒதுங்கி நின்றவர் கையில் துப்பாக்கி. மெட்ராஸ் டாக்டர் லட்சுமி அம்மா தலைமையில், மேட்டுக்குடிப் பெண்ணும் தோட்டத்துப் பெண்ணும் ஒரே வரிசையில் நின்றதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் சொல்வார்: படையில் சேர்ந்துவிட்டால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள் என்றே வந்து நின்ற ஆண்களும் இருந்தார்களாம்.

பால்மரக்காடு:
தங்கச்சி, உங்கள் பாட்டியைக் கும்பிடுகிறேன். கடைசியில் சொன்னீர்களே, அதுதான் என் வழக்கே. சயாமில் என்ன நடக்கிறதென்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றால் தலைவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆசியத் தொழிலாளர்கள் மட்டும் ஏறத்தாழ 90,000 பேர் செத்தார்கள் என்கிறது கணக்கு. ஜப்பான் பிரதமர் டோஜோவோடு நேரில் உட்கார்ந்து பேசக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர். அவர் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஜப்பான்காரன் பிடித்து வைத்திருந்த அந்தமான். 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேரில் கொடியேற்றினார். அப்போது அங்கே இந்தியர்களுக்குத் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங் செல்லுலார் சிறைக்குள் ஜப்பானியர் கையில் வதைபட்டுக்கொண்டிருந்தார், இரண்டு வாரத்தில் இறந்தும் போனார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுப் புதைத்தார்கள். கொடியேற்றிய படம் எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. இந்த 44 பேரை எத்தனை பேருக்குத் தெரியும்?

வைகைக்கரை:
உண்மையாகவே எனக்குத் தெரியாது. ஆனால் அந்தமானுக்கு அவர் அனுப்பிய லோகநாதனை என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள், அவரும் தமிழர்தான். பெயருக்குத்தான் ஆளுநர், கல்வித் துறையை மட்டும் கொடுத்துவிட்டு போலீசை ஜப்பான்காரன் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். கையில் அதிகாரமே இல்லாதவரிடம் போய் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பது நியாயமா?

பால்மரக்காடு:
அதிகாரம் இல்லை என்றால் அது எப்படி ஐயா சுதந்திர அரசு? இந்தியாவின் முதல் அரசு என்று பெருமை பேசும்போது அதிகாரம் இருந்தது என்கிறீர்கள், செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் இல்லை என்கிறீர்கள். சிலையை எடுக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசாத் ஹிந்த் பாடம் நடத்தும் அன்றைக்கே சயாம் பாதையையும் ஹம்ப்ரிகஞ்சையும் சேர்த்து நடத்துங்கள் என்கிறேன்.

லயத்துப்பேத்தி:
அதற்கு நான் சம்மதம். எங்கள் பாட்டியின் தோட்டையும் அந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டும் அண்ணே.