நாயனத்தில் கேட்ட ‘சிங்கார வேலனே’

பொருநைக்கரை கேட்டது:
எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. இரவு ஒரு மணிக்குச் சப்பரம் மேலத்தெரு முக்கில் நின்றது. ஒரு பெரியவர் ‘சிங்கார வேலனே’ வாசிக்கச் சொன்னார். 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’க்காக எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் நாயனம் (நாதஸ்வரம்) வாசித்த பாட்டு. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்காமல் வளர்ந்தவர் கிடையாது.

அதில் குரலும் நாயனமும் மாறி மாறி வரும். அன்று கொடைக்கு வந்திருந்த அறுபது வயது நாயனக்காரர் இரண்டையும் தனியாளாக வாசித்தார். ஜானகியின் வரிகளுக்கு ஓசையை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டார். தெருக்கோடியில் நின்றவர்கள் கிட்டே வந்துதான் கேட்டார்கள். தவில்காரர் குச்சியைத் தாழ்த்திவிட்டு விரல்களால் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தார். நாயனத்தின் முறை வந்ததும் தெருவே அதிர்ந்தது.

பிறகு டீக்கடையில் அவரிடம் பேசினேன். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நனைத்துப் பார்த்துக்கொண்டே, “அந்த அம்மா எங்கெங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்று பிடிபடவே இரண்டு மாதம் கேசட்டைத் தேய்த்தேன், தம்பி” என்றார்.

அவ்வளவு பெரிய ஓசையுள்ள வாத்தியத்தில் அந்த மென்மை எப்படி வருகிறது? இப்படி வேறொருவர் வழியாக வந்து உங்களைப் பிடித்துக்கொண்ட பாட்டு எது?

சீவாளி எழுதியது:
விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். மற்றதெல்லாம் மூச்சும் உதடும். சீவாளியை உதடு எவ்வளவு கவ்வுகிறதோ அதற்கேற்ப ஒரே துளையில் சுரம் ஏறும், இறங்கும். காற்றைக் குறைத்தால் சுருதியும் சரியப் பார்க்கும். உதட்டால் தாங்க வேண்டும். ஓங்கி ஊதுவதைவிட மெதுவாக ஊதுவதுதான் கடினம். ஆறு ஆண்டு பழகியும், மெதுவாக வாசிக்கும்போது இந்தப் பாட்டின் ராகமான ஆபேரியின் காந்தார சுரம் எனக்கு நிற்பதில்லை. உங்கள் ஊர்க்காரரை நேரில் பார்த்து வணங்க வேண்டும்.

மின்தொடர்ப் பயணி எழுதியது:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். தாம்பரம் ரயிலில் பார்வையற்ற ஒருவர் ‘நலந்தானா’ பாடி வருவார். 1968-இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சுசீலாவின் குரலுக்கு மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாயனப் பகுதியையும் அவர் வாயாலேயே பாடுவார், ஒரு சங்கதி விடாமல். மாம்பலத்தில் கூட்டம் நெருக்கித் தள்ளினாலும் நிறுத்த மாட்டார்.

“அதை விட்டுவிட்டுச் சீக்கிரம் அடுத்த பெட்டிக்குப் போகலாமே, அண்ணா?” என்று ஒருநாள் கேட்டேன். “அவள் நலமா என்று கேட்கிறாள். நாயனம்தானே அம்மா பதில் சொல்கிறது? அதை எப்படி விடுவேன்?” என்றார். அன்று நான் இறங்க வேண்டிய கிண்டியைத் தாண்டிப் போய்விட்டேன்.

பொருநைக்கரை:
சீவாளி, இப்போதுதான் விளங்குகிறது. அவர் உதட்டோரம் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்தேன். அடுத்த கொடைக்குச் செண்டை மேளம் வைக்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. நாயனமே வேண்டும் என்று சொல்லிவிட்டு, என் பங்கு வரியோடு அவருக்கான முன்பணத்தையும் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். இந்த முறை ‘நலந்தானா’ கேட்பேன், அம்மா. கொடைக்கு வாருங்கள்.